வேப்பிலை செருகிய வீடு

ஆடிக் கடைசி வெள்ளியன்று சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? சிவகாசி, விருதுநகர் என்று சுற்றுவட்டாரமே அங்கேதான் கூடியிருக்கும். அம்மனுக்குச் செலுத்த, தகட்டில் செய்த குட்டிக் கண்மலரோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மைதான் ஞாபகம் வரும். உயிர் பிழைத்தாலும் எத்தனை பேர் பார்வையைப் பறித்த நோய் அது!

யாரும் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். ''வீட்டுல அம்மா வந்திருக்கா'' என்பார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் உள்ளே வரக் கூடாது. யோசித்தால் நல்ல ஏற்பாடுதான். குறை ஒன்றே ஒன்று... வேப்பிலை செருகிய வீடு எது என்று தெருவுக்குத் தெரியும், சர்க்காருக்குத் தெரியாது!

தடுப்பு மருந்து இல்லாமல் இல்லை. 1802-லேயே பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தியாயிற்று. பிற்பாடு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலேயே மருந்து தயாரானது. 1939-ல் மதராஸ் மாகாணம் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்றுநோயைக் கண்டால் டாக்டர் தகவல் தர வேண்டும் என்றது சட்டம். சரி, அம்மை கண்ட வீட்டுக்கு டாக்டரை யார் கூப்பிட்டார்கள்?

1966-ல் நைஜீரியாவில் ஒரு திருப்பம். ஊருக்கெல்லாம் குத்த மருந்து போதவில்லை. வில்லியம் ஃபேகி என்ற அமெரிக்க டாக்டர் இளவயதில் காட்டுத்தீ அணைக்கும் வேலை பார்த்தவர். நோய் எங்கே என்று தேடிப் பிடித்து, அதைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் ஊசி போட்டார். நோய் அடங்கியது! தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ.ராமச்சந்திர ராவும், ஒரே குடும்பத்துக்குள் அம்மை எப்படிப் பரவுகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்.

சிவகாசிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு ஆலையில் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். பொறி பறந்தாலும் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது, அவ்வளவுதான். விதி காற்றில் போனால் என்ன ஆகும் என்பதற்கு, 2012 செப்டம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த முதலிப்பட்டியே சாட்சி.

1973-ல் இந்தியா முழுக்கத் தேடல் தொடங்கியது. அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையோடு ஊழியர்கள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். ''இந்த மாதிரி யாரையாவது பார்த்தீங்களா?'' துப்புக் கொடுத்தவருக்குப் பரிசு! அந்தத் தொகை போகப்போக ஆயிரம் ரூபாய் வரை ஏறியது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மையின் கதை முடிந்தது.

மருந்து வந்து 170 வருஷம் ஆகியும் போகாத நோய், சேதி ஒழுங்காக வந்து சேர்ந்த இரண்டே வருஷத்துக்குள் ஓடிப்போனது.

இன்றைக்கு டெங்குவோ, பெயர் தெரியாத புதுக் காய்ச்சலோ... உங்கள் தெருவில் நாலு பேர் படுத்தால், அந்தச் சேதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது? நம்முடைய தயார்நிலை என்ன என்பதை அந்த நாள் கணக்கு சொல்லிவிடும்.