'இதுகூடத் தெரியாதா ப்ரோ?' - டெக் குரூப்பில் உதவுறவங்க கவனத்துக்கு!

தேனி மாவட்டம் கெங்குவார்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்று, "அண்ணே, கொடைக்கானல் பஸ் எங்க நிக்கும்?" எனக் கேட்டுப்பாருங்கள். "போன்லதான் மேப் இருக்கே, பார்க்கத் தெரியாதா?" என்று யாரும் விரட்ட மாட்டார்கள். அதே ஊர்ப் பையன் டெக் குரூப்பில் முதல் சந்தேகத்தைக் கேட்டால்? 'கூகுள் பண்ணு ப்ரோ' என முடித்துவிடுகிறோம். அதோடு அவன் கேட்பதையே நிறுத்திவிடுவான்.

பெரிய ஆட்களும் சறுக்கிய இடம் இது. 1991-ல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மெயிலில் சக புரோகிராமர்களை வறுத்தெடுப்பதற்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்பு கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே மாதம் லினக்ஸ் கெர்னல் குழுவுக்குப் புதிய நடத்தை விதிகளும் வந்தன.

சரி, நாம என்ன செய்யலாம்?

* கேள்வியை முழுசா படிங்க. புரியலைன்னா, ஸ்கிரீன்ஷாட்டும் போன் மாடலும் கேளுங்க.

* லிங்க் மட்டும் வீசாதீங்க. அதில் எதைப் பார்க்கணும்னு இரண்டு வரி எழுதுங்க.

* 'ரீசெட் பண்ணு' என்பதற்கு முன், 'பேக்கப் எடுத்தாச்சா?' எனக் கேளுங்க. போட்டோ, நோட்ஸ் எல்லாம் போனால் திரும்பக் கிடைக்காது.

* உறுதியா தெரியாததை, 'எனக்குத் தெரிஞ்சவரை' எனச் சொல்லிட்டு எழுதுங்க.

* பொறுமை இல்லையா? பதில் போடாமல் கடந்துடுங்க. இன்னொருத்தர் சொல்லட்டும்.

கேட்கிறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பிரச்னை தீர்ந்ததும், எது கைகொடுத்ததுன்னு அங்கேயே எழுதிட்டு ஒரு நன்றி சொல்லுங்க. அடுத்து அதே சிக்கலோடு வருபவருக்கு அது உதவும்!