ஈரத் துண்டு

என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்றபோது எனக்குப் பதினாறு வயது. “அப்பாடா! இனி எந்த நாளும் பூஜையறைக்குப் போகலாம்” என்றாள். அதை ஒரு விடுதலை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

அமெரிக்காவிலோ அதற்கு நோய் என்றே பெயர் சூட்டினார்கள். சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன், ‘பிரமரின்’ என்ற மாத்திரையாக 1942-ல் அங்கே கடைக்கு வந்தது. நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் எப்படியோ, நடுவயதுப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் அப்படி என்று 1966-ல் புத்தகம் எழுதினார் நியூயார்க் டாக்டர் ராபர்ட் வில்சன். புத்தகம் அமோகமாக விற்றது. முதுமைக்குப் பயந்த பெண்கள் மாத்திரையை நாடினார்கள்.

ஈஸ்ட்ரோஜனை மட்டும் உண்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகுதி என்று 1975-ல் தெரிந்தது. பிறகு புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 16,608 பெண்களிடம் நடந்த அந்தக் கூட்டு மருந்தின் சோதனையும் 2002-ல் பாதியில் நின்றது. பதினாயிரம் பேருக்கு ஆண்டுக்கு எட்டுப் பேர் வீதம் மார்புப் புற்றுநோய் கூடியிருந்தது. நேற்று வரை மாத்திரையைக் கொண்டாடியவர்கள் அதைக் கண்டு அஞ்சினார்கள். அறுபதுக்குக் கீழே, தாங்க முடியாத அவதிப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்ற நிதானம் பின்னரே வந்தது.

ஜப்பானில் இந்தப் பருவத்துக்குக் ‘கோனென்கி’ என்று பெயர். 1980-களில் அங்கே பெண்களைச் சந்தித்துப் பேசினார் மானிடவியலாளர் மார்கரெட் லாக். தோள் பிடிப்பையும் தலைவலியையும் சொன்னார்களே தவிர, குப்பென்று சூடேறுவதைச் சொன்னவர்கள் குறைவு. அதற்கென்றே தனிச்சொல்லும் அவர்களிடம் இல்லை. ஆனால் அங்கும் ஓர் ஏச்சு இருந்தது: வேலையற்ற வீட்டுக்காரிகளுக்கு வரும் சொகுசு வியாதி என்று! மாமியாரின் படுக்கையருகே விழித்திருந்தவள் எப்படி வாய் திறப்பாள்?

நம் நாட்டு ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி 1975-ல் எழுதினார் மார்ஷா ஃப்ளின்ட். விலக்கு நின்ற பிறகு முக்காடு விலகும், ஆண்கள் இருக்கும் கூடத்தில் உட்காரலாம். ஆகவே அவர்கள் பெரிதாகக் குறை சொல்லவில்லை என்பது அவர் கண்டது. படித்ததும் பெரியம்மா நினைவுக்கு வந்தாள்.

கூடவே இன்னொன்றும் வந்தது. அந்த மார்கழியில் அவள் கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் படுத்திருப்பாள். “பெரியம்மாவுக்கு மட்டும் சித்திரை!” என்று நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

நோய் என்று மிரட்டியவர்களும், ஒன்றுமில்லை என்று சிரித்த நாங்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். அவளை யாரும் கேட்கவில்லை.