போதகர் கண்ட அறுவடைப் பொறி

விளைந்த கதிர் உழவனுக்காகக் காத்திராது. ஸ்கொத்லாந்து போன்ற குளிர்நாட்டிலே சில நாள் தாமதித்தாலும் மழை வந்து பயிரைக் களத்திற் சேரவிடாது கெடுத்துவிடும். அந்நாட்டின் அங்கஸ் பகுதியில், 1799 ஆம் ஆண்டு கமக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் பற்றிக் பெல். குனிந்து நின்று அரிவாளால் அறுப்போர் படும் பாட்டை இளமையிலேயே கண்டிருந்த அவர், சென் அன்றூசில் இறையியல் பயின்ற காலத்தும் அதனை மறந்தாரல்லர்.

1827 ஆம் ஆண்டில் ஒருநாள், வேலியிற் செருகியிருந்த தோட்டக் கத்தரிக்கோல் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அதனைக் கையிலெடுத்து இளம் பயிரை நறுக்கிப் பார்த்தார். இத்தகைய கத்திகள் பலவற்றை வரிசையாகப் பூட்டிச் சக்கரத்தின் சுழற்சியால் இயக்கினால் என்ன? இவ்வெண்ணமே பொறியாக உருப்பெற்றது.

ஊரார் நகைப்புக்கு அஞ்சியவர்போலும், முதற் சோதனையைக் கொட்டிலினுள்ளே நடத்தினார். தரையில் மண் பரப்பி, ஓட்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகக் கையால் நட்டு, கதவையடைத்துப் பொறியைத் தாமே தள்ளினார். தாள்கள் அறுந்தன, ஆனால் ஒழுங்கின்றிக் குவிந்தன. அறுந்த தாளை ஒருபுறமாக ஒதுக்கிச் செல்லும் இரட்டுத் துணியை அவர் சேர்த்தது அதன் பின்னரே. பயிரைக் கத்தியின்பாற் சாய்க்கும் சுழல்சட்டமும் அமைந்தது. குதிரை முன்னின்று இழுத்தால் பயிர் மிதிபடுமாதலால், பின்னின்று தள்ளுமாறு அதனைப் பூட்டினார். 1828 இல், ஊர் உறங்கும் வேளையில், அண்ணனும் தம்பியுமாக வயலில் இறங்கினர். பொறி செவ்வனே அறுத்தது.

உழவருக்கு இப்பொறி தடையின்றிக் கிடைக்கவேண்டுமென்று பெல் ஆக்கவுரிமை பெறாது விட்டார். அவருக்குக் கிடைத்தது ஹைலண்ட் சங்கத்தாரின் 50 பவுண் பரிசே. அமெரிக்காவிலோ, 1831 இல் தம் பொறியை ஓட்டிக்காட்டிய சைரஸ் மக்கோமிக் 1834 இல் ஆக்கவுரிமை பெற்று, பின்னர் சிக்காகோவில் ஆலை நிறுவிப் பெருஞ் செல்வரானார். 1851 ஆம் ஆண்டு இலண்டன் மாபெருங் கண்காட்சியில் மக்கள் வியந்து நோக்கியதும் அமெரிக்கப் பொறிகளையே. பெல் முந்தியவர் என்பதை எத்துணைப் பேர் அன்று நினைத்தனரோ!

அவரோ 1843 முதல் காமைலி என்னும் சிற்றூரில் போதகராகப் பணிபுரிந்து வந்தார். தம் பொறியை விற்றுப் பொருளீட்ட அவர் முயலவில்லை. 1868 இல் நாட்டு மக்கள் நன்கொடை திரட்டி அவருக்கு 1000 பவுண் வழங்கினர். அடுத்த ஆண்டே அவர் காலமானார். சகோதரரின் பண்ணையிற் பல்லாண்டு உழைத்த அப்பொறி இன்று இலண்டன் விஞ்ஞான அரும்பொருட்சாலையின் சேகரிப்பில் இருக்கின்றது.