தாளோடு வந்த சொற்கள்

"ஃபூல்ஸ்கேப் தாள் வாங்கக் காசு வேண்டும்" என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்காத வீடு நம் நாட்டில் அரிது. கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார். இன்று அவர் கொடுப்பது பெரும்பாலும் ஏ4 அளவுத் தாள்தான். பெயர் மட்டும் பழைய பெயர். இதனை 'ஃபுல்ஸ்கேப்' என்று எழுதி, முழு அளவுத் தாள் என்று பொருள் கொள்வோரும் நம்மிடையே உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். உண்மையில் அது முழுத்தாள் அன்று, முட்டாளின் குல்லாய்! அரசவைக் கோமாளி அணிந்த, நுனியில் மணிகள் தொங்கும் குல்லாயைத்தான் அச்சொல் குறிக்கிறது.

கோமாளிக் குல்லாய்க்கும் காகிதத்துக்கும் என்ன உறவு? அக்காலத்தில் ஐரோப்பாவில் கந்தல் துணிகளை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். கம்பிகள் பரப்பிய சல்லடைச் சட்டத்தால் அந்தக் கூழை அள்ளி நீரை வடிய விடுவார்கள். சட்டத்தின்மீது ஏதேனும் ஓர் உருவத்தைக் கம்பியால் வளைத்துத் தைத்துவிட்டால், அவ்விடத்தில் கூழ் மெல்லியதாகப் படியும். காய்ந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த உருவம் தெரியும். பணத்தாளில் நாம் காணும் நீர்க்குறி இதுவே. ஒவ்வோர் ஆலையும் தனக்கென ஒரு குறி வைத்துக்கொண்டது. கோமாளிக் குல்லாய்க் குறியிட்ட தாள், நாளடைவில் ஏறத்தாழ பதின்மூன்றரை அங்குலத்துக்குப் பதினேழு அங்குலம் என்ற ஓர் அளவுக்கே பெயராகிவிட்டது. அதை இரண்டாக மடித்ததுதான் நீண்ட எழுதுதாள்.

இதற்கு ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையைக் கொய்த நாடாளுமன்றத்தார், காகிதத்திலிருந்த அரச முத்திரையை நீக்கிவிட்டு, மன்னரை இழிவுபடுத்தக் கோமாளிக் குல்லாயைப் பொறிக்கச் செய்தார்கள் என்பது அக்கதை. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் 15ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தாள்களில் இந்தக் குல்லாய் காணப்படுகிறது. ஆகவே கதை நிற்கவில்லை.

மகுடக் குறியிலிருந்து வந்தது கிரவுன் அளவு. யானை என்றே ஒரு பெரிய அளவும் இருந்தது. நம் தமிழ் நூல்களின் முதற் பக்கத்தில் 'டெம்மி 1/8' என்று போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பாதி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே அந்த டெம்மி.

இனி எண்ணிக்கைச் சொற்கள். நான்கு நான்காக என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது குயர். தோல் ஏடுகளின் காலத்தில் நான்கு ஏடுகளை ஒன்றாக மடித்துத் தைத்தார்கள். பின்னர் அதுவே 24 தாள்களுக்குப் பெயராயிற்று. நம் முன்னோர் இதைத் 'தஸ்தா' என்றனர். அதுவும் தமிழன்று, கை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இருபது குயர் ஒரு ரீம். அப்படியானால் 480 தாள். இன்று கடையில் விற்கும் ரீமில் 500. இந்த ரீம், கட்டு என்று பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு. காகிதம் செய்யும் தொழிலை அரபியர் ஸ்பெயினுக்குக் கொண்டு சென்றபோது சொல்லும் கூடவே சென்றது. மலாய் மொழியில் தாளைக் குறிக்கும் 'கெர்தாஸ்' என்னும் சொல்லும் அரபு வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்ததே. ஆங்கிலத்தின் கார்டு, சார்ட், சார்ட்டர் ஆகியவற்றுக்கும் அதே கிரேக்கச் சொல்தான் மூலம். பெட்டாலிங் ஜெயாவிலும் லண்டனிலும் வாழும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுதுபொருள் விற்பவருக்கு ஸ்டேஷனர் என்று பெயர் வந்தது, அவர் தலைச்சுமையாகத் திரியாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்ததால். அவ்வளவே.

நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய சொல் வேறொன்று: இன்டென்ச்சர். இதன் வேரில் இருப்பது பல் என்னும் லத்தீன் சொல். பழைய இங்கிலாந்தில் இருவர் உடன்படிக்கை செய்துகொண்டால், ஒரே தோலில் அல்லது தாளில் அதை இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வளைத்து வெட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பாதி. பின்னாளில் வழக்கு எழுந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் மெய், இல்லையேல் பொய். இருவரில் எவரும் மற்றவரை ஏமாற்ற முடியாதபடி அமைந்த ஏற்பாடு அது. தொழில் பழகும் சிறுவனைக் குருவிடம் சேர்ப்பதும் இத்தகைய பத்திரத்தால்தான். காலப்போக்கில் பல் வெட்டும் வழக்கம் மறைந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் அதே பெயர் கடல் கடந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின், தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரிஷியசுக்கும் நாத்தாலுக்கும் பிஜிக்கும் போனவர்களைப் போலவே, தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் பலர் வெல்லெஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தப் பத்திரத்தின் பேரில்தான் வந்தனர். அந்த மாகாணமே இன்றைய செபராங் பிறை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பிறர் வாய்ச்சொல்லாலேயே அறிந்தார்கள். தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சட்டப்படி சிறை. கடனுக்கும் நோய்க்கும் இடையே தவணை நீண்டது. பத்திரத்தில் இரு தரப்பு இருந்தது உண்மை. ஆனால் பல்லோடு பல் பொருத்திப் பார்க்க எந்தக் கூலியாளும் நீதிமன்றத்தில் பாதித்தாளை நீட்டக்கூடிய நிலையில் இல்லை.

மலாயாவில் இம்முறைக்கு 1910இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது பெருகியிருந்தது. அதுவும் 1938இல் நின்றது. பிஜியிலோ எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 வரை நீடித்தன. அங்கே போனவர்கள் இன்டென்ச்சர் என்னும் சொல்லை நாவில் ஏற்கவில்லை. அக்ரிமென்ட் என்பதைத் திரித்துக் 'கிர்மிட்' என்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தக் காலத்தை அப்பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.