நீலகிரி மலை இரயில் பாதைப் புதுப்பிப்பு

நீலகிரி மலை இரயில் பாதை என்பது தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்தையும் உதகமண்டலத்தையும் இணைக்கும், சுமார் 46 கி.மீ நீளமுள்ள மீட்டர் பாதையாகும். சென்னை சென்ட்ரலில் இருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவுவண்டியின் பயணிகள் மேட்டுப்பாளையத்தில் இம்மலை வண்டிக்கு மாறுகின்றனர். நூறாண்டு கடந்த இப்பாதை, அதன் பழைய தொழில்நுட்பம் மாற்றப்படாமலேயே புதுப்பிக்கப்பட்டு வருகின்றது.

வரலாறு

1854 இலேயே முன்மொழியப்பட்ட இத்திட்டத்தின் பணிகள் 1891 இல் தொடங்கின. பணியை ஏற்ற நிறுவனம் நிதி நெருக்கடியால் கலைக்கப்பட்டதை அடுத்து, 1896 இல் புதிய நிறுவனம் உருவானது. 1899 சூனில் குன்னூர் வரையிலும், 1908 இல் உதகமண்டலம் வரையிலும் வண்டி ஓடியது.

பற்சட்டப் பாதை

கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதியே மிகக் கடினமானது. ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்னும் அளவுக்குச் செங்குத்தான ஏற்றத்தில் சாதாரணச் சக்கரங்கள் வழுக்கிவிடும். எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரு சட்டங்கள் பொருத்தப்பட்டுள்ளன. ஒன்றன் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக அமைவதால், எஞ்சினின் பற்சக்கரத்துக்குப் பிடிப்பு அறுபடுவதில்லை. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் தடைக்கருவியை இயக்க ஒரு பணியாளர் இருப்பார். இதனைப் பலரும் பொம்மை இரயில் என்று அழைப்பது அவ்வளவு பொருத்தமானதன்று.

எஞ்சின்கள்

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் தயாரான 'எக்சு' வகை நீராவி எஞ்சின்கள் 1914 முதல் தருவிக்கப்பட்டன. இவற்றின் உயர் அழுத்த உருளைகள் ஓட்டச் சக்கரங்களையும், தாழ் அழுத்த உருளைகள் பற்சக்கரங்களையும் இயக்குகின்றன. குன்னூருக்கு மேல் ஏற்றம் குறைவாதலால் அங்கு டீசல் எஞ்சின்கள் பயன்படுகின்றன. பற்சக்கரம் இல்லாத அவற்றைக் கீழ்ப்பகுதியில் பயன்படுத்த இயலாது.

பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது அவற்றுக்கு மாற்று எங்கும் விற்பனையில் இல்லை. திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையே அவ்வடிவமைப்பைப் பின்பற்றி, எண்ணெயில் இயங்கும் நான்கு நீராவி எஞ்சின்களை உருவாக்கியது. முதலாவது 2011 இல் ஓடியது. 2021 இல் நிலக்கரியில் இயங்கும் புதிய எஞ்சின் ஒன்றும் அங்கு கட்டப்பட்டது. புதிய பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையில் தயாராயின.

2005 இல் யுனெசுக்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. டார்ஜிலிங் பாதைக்கு 1999 இல் கிடைத்த அங்கீகாரத்தின் விரிவாக்கம் இது. ஆதலின் பற்சட்டத்தை நீக்கி வேறு முறைக்கு மாறுவது எளிதன்று.

நிலச்சரிவுகள்

எஞ்சினைவிட மலையே பெரிய சிக்கலாக உள்ளது. வடகிழக்குப் பருவமழையில் மண்ணும் பாறையும் சரிந்து பாதை அடிக்கடி மூடப்படுகின்றது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழை பலரது உயிரைப் பறித்ததுடன், பாதையையும் பல இடங்களில் அரித்துச் சென்றது; பல மாதங்களுக்குச் சேவை நின்றுபோனது. காட்டுக்குள் செல்லும் பல இடங்களுக்குச் சாலை இல்லாமையால், தண்டவாளம், பற்சட்டம் போன்றவற்றை இரயில் வழியாகவே கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. ஆகவே அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு சரிவாக அகற்றிய பிறகே அடுத்த சரிவை அணுக முடிகின்றது.