திருவிழா மேடையில் ஒரு கிதார்

ஜூலை 26 அன்று பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறிவிட்டால், ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியில் அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு உறக்கம் கிடையாது. ராட்டினம், பலூன் சுடுகிற துப்பாக்கி, மிட்டாய்க் கடை, வளையல் கடை எல்லாம் வந்து இறங்கிவிடும். இந்தக் கரையின் சிற்றூர்களில் மாதா கோயில் திருவிழாவானாலும் அம்மன் கோயில் கொடையானாலும், ஏதாவது ஓர் இரவு ‘ஆர்கெஸ்ட்ரா’ இருக்கும். மேடையின் முன்பக்கம் பாடகர்களுக்கு. பின்னால், டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே, ஆம்ப்ளிஃபயர் பெட்டியை ஒட்டி நிற்பவர் லீட் கிதார்காரர். தோளில் தொங்குவது ராக் இசைக்காரனின் கருவி, வாசிப்பதோ சினிமாப் பாட்டு. இதை வைத்தே அவரை வெறும் நகல் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் சேர்க்காத ஓர் ஆள் இருக்கிறார்: காசு கொடுப்பவர். இந்தக் கரையின் மேடைகளில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்து வந்தது வாசிப்பவரின் ரசனையைவிட, கச்சேரிக்கு வரி கொடுத்த ஊரின் விருப்பம்தான்.

வரி என்பதைச் சும்மா சொல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தலைக்கட்டு வரி பிரித்துத்தான் கொடைக்கு வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் பேசி முடிப்பார்கள். மீனவ ஊர்களில் மீன்பாட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு பங்கு போகும். முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், குளியாளி பிடித்துக்கொண்டு மூழ்கும் கல்லையே கணக்காக வைத்து, அரசருக்கும் பரதவர் சாதித்தலைவருக்கும் கோயில்களுக்கும் மானியக் கற்கள் ஒதுக்கினார்கள். 1961-உடன் இங்கே முத்துச் சலாபம் முடிந்துபோனது. கடல் தந்ததில் பொதுவுக்கு ஒரு பங்கு என்ற வழக்கம் முடியவில்லை. அந்தப் பொதுப்பணம் அந்நியக் கருவியைப் பார்த்து முகம் சுளித்ததும் இல்லை. தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்தெடுத்த நாடக மரபுக்கு, ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம்தான் முதுகெலும்பு. அகில இந்திய வானொலி அதே பெட்டியை 1940-இல் விலக்கி வைத்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டும் அந்த மரபின் ‘ஸ்பெஷல் நாடக’க் கொட்டகைகளில் அது முழங்கிக்கொண்டேதான் இருந்தது. வானொலிக்குப் படியளந்தது அரசாங்கம், நாடகத்துக்குப் படியளந்தது ஊர். பட்டாளத்து பேண்டு வாத்தியம் சப்பரப் பவனிக்கு வந்து சேர்ந்த கதையும் இதுதான்.

அப்படியானால் ஊர்க்காசு கேட்ட பாட்டையே திரும்பக் கேட்கும், கலை தேங்கிப்போகும் என்று ஆட்சேபிக்கலாம். பாதி நியாயம். ஆனால் தேக்கத்துக்குக் காரணம் ஊரின் மந்தபுத்தி அல்ல என்பது அக்கரையிலுள்ள இலங்கையைப் பார்த்தால் விளங்கும். 1530களில் பரதவர் கிறிஸ்தவத்துக்கு மாறியதிலிருந்து, 1658-இல் டச்சுக்காரர் வரும்வரை தூத்துக்குடி போர்த்துக்கீசியர் செல்வாக்கில் இருந்தது. இலங்கைக் கரையோரமும் அதே போர்த்துக்கீசியரைப் பார்த்ததுதான். அங்கே அந்தப் போர்த்துக்கீசியக் கலப்பிலிருந்து பைலா என்ற துள்ளல் பாட்டு பிறந்தது; 1960களின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றவர்கள் அந்தச் சாயலில் கிதாரோடு சொந்தத் தமிழ்ப் பாட்டுகளைப் பாடினார்கள். வந்தவனும் கருவியும்தான் இசையைத் தீர்மானிக்கும் என்றால் தூத்துக்குடியிலும் ஒரு பைலா முளைத்திருக்க வேண்டும். முளைக்கவில்லை. காரணம், இலங்கையில் கோடம்பாக்கம் போல ஒரு தமிழ்ச் சினிமாத் தொழில் இல்லை. இலங்கை வானொலிக்கு உள்ளூர்ப் பாட்டு தேவைப்பட்டது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடும் உள்ளூர்ச் சரக்குக்குக் கைகொடுத்தது. இங்கேயோ ஊர் கேட்பதற்கு முன்பே சினிமா பாட்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. கடைசியில் மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டி வந்து தமிழ்நாடெங்கும் மேடையேறியது. நாமே விளைவிக்காததை இறக்குமதி செய்துகொண்டோம்!

காசு கொடுப்பவர் மாறினால் பாட்டும் மாறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்தார். கட்சிக்குத் தன் சொல் வேண்டியிருந்ததால், தெரிந்த சினிமா மெட்டிலும் புதுச் சொல் ஏறியது. அந்தக் குழுவில் வளர்ந்த இளையராஜா 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்கு அமைத்த ‘இளைய நிலா’வின் கிதார், இன்றைக்கும் மெல்லிசைக் குழுவின் கிதார்காரருக்கு வைக்கிற பரீட்சை. மேடையிலிருந்து போனவர் மேடைக்காரர்களுக்கே வினாத்தாள் தயாரித்தார் என்பது வேடிக்கைதான். நகல் என்று சொல்கிறவர்கள் அந்தப் பரீட்சையை ஒருமுறை அருகிலிருந்து கேட்க வேண்டும். ஸ்டுடியோவில் பலர் சேர்ந்து வாசித்ததை மேடையில் ஏழெட்டுப் பேர் நிரப்புகிறார்கள். வயலின் கூட்டம் இல்லாத இடத்தைக் கிதார்காரர் இரண்டு தந்தியில் சமாளிக்கிறார், குழல் வரவேண்டிய இடத்தில் தந்தியை இழுத்து வளைக்கிறார். எதை விடுவது, எதை வைத்தால் கூட்டம் பாட்டை அடையாளம் காணும் என்ற அந்தத் தீர்ப்பு முழுக்க அவருடையது. அதற்கும் இப்போது நெருக்கடி. ரிதம் பேடும் பதிவு செய்த தடங்களும் ஆட்களைக் குறைத்துவிட்டன. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் 2000-ஆம் ஆண்டு விதிகள், விடிய விடிய நடந்த கச்சேரியைச் சுருக்கிவிட்டன. விதியில் தவறில்லை, பக்கத்து வீட்டில் குழந்தையும் நோயாளியும் தூங்க வேண்டும். ஆனால் வெட்டுப்பட்டது பின்னிரவு. துண்டுச்சீட்டில் எழுதி வந்த விருப்பப் பாட்டெல்லாம் தீர்ந்து, வரி கொடுத்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, யாரும் கேட்காததை வாசித்துப் பார்க்க மேடைக்காரருக்கு மிஞ்சியிருந்த நேரம் அது ஒன்றுதான்.