தொண்ணூற்றொன்பது வருஷப் பத்திரம்

அம்பாசமுத்திரத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது சிங்கம்பட்டி. அந்த ஊர் ஜமீன் 1929-இல் எழுதிக்கொடுத்த குத்தகைப் பத்திரத்தில் முக்கியமான எண்கள் இரண்டு: 8,374 ஏக்கர், 99 வருஷம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பெரிய துண்டுக்கு அன்றைக்கே முடிவுத் தேதி குறித்தாகிவிட்டது: 2028.

சென்னையில் நடந்த ஒரு கொலை வழக்கு இழுத்துவிட்ட கடனை அடைக்கவே ஜமீன் மலையைக் குத்தகைக்கு விட்டது என்று ஊரில் சொல்வார்கள். வாங்கியது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். பர்மாவில் தேக்கு வெட்டிப் பணம் பார்த்த கம்பெனி. 1885-இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைப் பிடிக்கச் சாக்காக அமைந்ததே இந்தக் கம்பெனியின் தேக்குத் தகராறுதான். ஆனைமலையில் ஏற்கெனவே தேயிலையில் இறங்கியிருந்த அதற்கு, இன்னொரு மழைக்காடு கிடைத்தது.

பத்திரம் கம்பெனி அலுவலகத்துக்குப் போனது. அதன் பலத்தில் ஆட்கள் மலையேறினார்கள். தாமிரபரணிச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலோர் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத தலித் மக்கள். அட்டைக்கடியிலும் ஓயாத மழையிலும் காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் முளைத்தன. லயன் வீடு, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் வந்தன. பட்டா மட்டும் வரவில்லை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டால்தான் அந்தக் கூரை தங்கும்.

கனடாவின் புல்வெளிகளில் குடியேறியவர்கள் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 1872-ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 டாலர் கட்டி 160 ஏக்கரில் இறங்கியவர், வீடு கட்டி மூன்று வருஷம் பயிர் செய்து காட்டினால் நிலம் அவர் பெயருக்கு மாறியது. அது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் என்ற பழி அந்தச் சட்டத்துக்கு உண்டு. ஆனாலும் மண்ணைத் திருத்தியவருக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. மாஞ்சோலையில் மூன்று நான்கு தலைமுறை திருத்தியும், பத்திரத்தில் இருந்த இரண்டு பெயர்களோடு மூன்றாவது பெயர் சேரவில்லை.

பத்திரம் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. ஜமீன் ஒழிப்பில் 1952-இல் நிலம் அரசுக்கு வந்தது. 1958-இல் அதே கம்பெனிக்கு அரசே குத்தகை விடுபவராக நின்று உடன்பாடு போட்டது. அந்த மலையில் பெய்யும் மழை, கீழே 1950-களில் கட்டிய மணிமுத்தாறு அணையில் தேங்கி, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களுக்குப் பாய்ந்தது. கீழே பட்டா வைத்திருந்தவர்களின் காடு கழனியானது. 1988-இல் சுற்றியுள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமானது.

கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. தங்கள் மலையில் பெய்த மழையும் ஓடிவந்து சேரும் தாமிரபரணியிலேயே அவர்களின் உயிர் போனது.

குத்தகை முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கும்போதே, 2024-இல், கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துக் கடையைக் கட்டியது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலம் காட்டுக்கே திரும்பட்டும் என்பதில் நியாயம் உண்டு; புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் அது பூர்வீகம். குத்தகை முடிந்தால் நிலத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதிலும் குழப்பம் இல்லை. ஆட்களை எங்கே ஒப்படைப்பது என்ற கேள்விக்குத்தான் 1929-இலும் 1958-இலும் யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

மலையில் கவாத்து இல்லாத தேயிலை இப்போது மரமாக ஓங்குகிறது. இடுப்பளவில் அதை வெட்டி வெட்டி நிறுத்தியிருந்த கைகள் சமவெளியில் வேறு வேலை தேடுகின்றன.